பாலம் தாண்டினால் செல்லாத பர்மிட்: வெளி மாநிலத் துப்பாக்கி உரிமத்தில் எதை எடுப்பது?

பென்சில்வேனியாவில், எக்ஸ்டன் பக்கம் ஒரு நண்பர் வீட்டு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தம்பி முறையுள்ள ஒருவர் என்னை ஓரமாக இழுத்தார். "அண்ணா, யூட்டா பர்மிட் எடுத்தா முப்பது ஸ்டேட்டுக்கு மேல செல்லுமாம். ஞாயித்துக்கிழமை ஒரு ஹோட்டல்ல கிளாஸ் வைக்கிறாங்க. போயிட்டு வந்துரலாமா?"

"நீங்க எந்த ஸ்டேட்டுக்கெல்லாம் போறீங்க?" என்று கேட்டேன்.

"நியூ ஜெர்சிதான். அக்கா எடிசன்ல இருக்காங்கல்ல."

யூட்டா பர்மிட், அதாவது கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அந்த மாநிலம் தரும் உரிமம், நியூ ஜெர்சியில் செல்லாது. அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பென்சில்வேனியா உரிமமும் அங்கே செல்லாது. டெலவேர் ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் சட்டப்படி இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி, அந்தக் கரையில் இறங்கியதும் குற்றம். இதே கேள்வியை இந்த ஆண்டில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: "எத்தனை மாநிலம்?" என்று எண்ணுகிறார்கள், "எந்த மாநிலம்?" என்று பார்ப்பதில்லை.

முதலில், உங்களுக்குத் தகுதி உண்டா?

நம்மவர்கள் பலருக்கு இந்த ஆராய்ச்சி இங்கேயே முடிந்துவிடும். ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் ஒரு வேட்டை உரிமத்தை நம்பி இடுப்பில் துப்பாக்கி செருகுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு வேறு கவலை. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை வந்தால் அது நாடு கடத்தலுக்கு உரிய குற்றம். குடிமகனுக்கு அபராதத்தோடும் வக்கீல் செலவோடும் போகக்கூடிய தவறு, உங்களை மீனம்பாக்கத்துக்கு ஒருவழி டிக்கெட்டில் அனுப்பிவிடலாம்.

யாரும் யோசிக்காத ஒன்று: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள். அவர்களும் தற்காலிக விசாவில்தான் வந்திருக்கிறார்கள். கையில் எடுத்தால்தான் 'வைத்திருத்தல்' என்று சட்டம் பார்ப்பதில்லை, தன் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். துப்பாக்கிப் பெட்டியின் எண்ணை அவர்களிடம் சொல்லி வைக்காதீர்கள்.

எதை வைத்து எடை போடுவது

தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நான் பார்ப்பவை: போன ஓராண்டில் நீங்கள் உண்மையில் வண்டி ஓட்டிப் போன மாநிலங்கள், உரிமத்தின் ஓராண்டுச் செலவு (கட்டணத்தை அது செல்லுபடியாகும் ஆண்டுகளால் வகுத்து, வகுப்பு, கைரேகை, விடுப்பு எல்லாம் சேர்த்து), உங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் அந்த மாநிலத்தில் ஏற்கப்படுமா, தவறிவிட்டால் என்ன ஆகும். கடைசி ஒன்றுக்கு மற்ற மூன்றையும்விட எடை அதிகம்.

போன மாநிலங்களைக் கணக்கெடுக்க நினைவை நம்ப வேண்டாம். இ-இசட் பாஸ் (சுங்கச்சாவடியில் தானாகப் பணம் பிடிக்கும் வில்லை) கணக்கை இறக்கிப் பாருங்கள். எங்கள் பக்கத்து டெலவேர் ஆற்றுப் பாலங்களில் பென்சில்வேனியாவுக்குள் திரும்பும்போதுதான் சுங்கம், ஆகவே கணக்கில் ஒரு பதிவு என்றால் ஒரு பயணம். விற்பனை வரி இல்லாமல் டிவி வாங்க டெலவேர் மாநிலத்து மாலுக்குப் போனது அதில் வராது, அதைக் கிரெடிட் கார்டு கணக்கில்தான் பிடிக்க வேண்டும்.

வழி 1: சொந்த மாநில உரிமம் மட்டும்

பென்சில்வேனியாவில் இது மலிவு. மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தில் 20 டாலர், 5 ஆண்டு, பயிற்சிச் சான்று தேவையில்லை. எந்த மாநிலத்தில் இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். காரணம், வேறு சில மாநிலங்கள் வெளியாருக்கு உரிமம் தருவதற்கு முன் "உன் ஊர் உரிமம் எங்கே?" என்று கேட்கின்றன. யூட்டாவின் பர்மிட்டை உங்கள் மாநிலம் ஏற்கிறது என்றால், சொந்த மாநில உரிமம் இல்லாமல் யூட்டா தராது. கனெக்டிகட்டும் வேறொரு மாநில உரிமத்தைக் கேட்கிறது. பென்சில்வேனியாவே வெளி மாநிலத்தாரிடம் அப்படித்தான் கேட்கிறது.

பிறகு பரஸ்பர அங்கீகாரம். எந்த மாநிலம் யாருடைய உரிமத்தை ஏற்கிறது என்பது ஓட்டுநர் உரிமம் போல நாடு முழுக்க ஒரே விதியில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, அதையும் அவ்வப்போது மாற்றுகிறது. எல்லா மாநிலமும் எல்லா உரிமத்தையும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் 231-198 என நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பயணம் பெரும்பாலும் ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா, டென்னசி பக்கம் என்றால் வேறெதற்கும் செலவு செய்யாதீர்கள். அங்கெல்லாம் இப்போது உரிமமே கட்டாயமில்லை.

வழி 2: யூட்டா, ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற 'பல மாநில' பர்மிட்

விளம்பரம் எல்லாம் இதற்குத்தான். யூட்டா வகுப்பை அந்த மாநிலம் அங்கீகரித்த பயிற்சியாளர்கள் நாடு முழுக்க நடத்துகிறார்கள். ஏறக்குறைய நாலு மணி நேரம், சுட்டுக் காட்ட வேண்டியதில்லை. பர்மிட் 5 ஆண்டு. ஃப்ளோரிடாவில் உரிமம் தருவது விவசாய, நுகர்வோர் துறை (ஆமாம், ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதே துறை). கட்டணம் 97 டாலர், 7 ஆண்டு, தபாலிலேயே விண்ணப்பிக்கலாம். பயிற்சியாளர் முன்னால் நிஜத் தோட்டா சுட்டிருக்க வேண்டும். அரிசோனா 60 டாலர், 5 ஆண்டு.

பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் இவை தங்கம். இன்று மதிப்பு குறைந்துவிட்டது என்பது என் கருத்து. 2024-இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்ததோடு, தகுதியுள்ளவர் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சொல்லும் மாநிலங்கள் 29. யூட்டா பர்மிட் எங்கே செல்லும் என்று காட்டும் வரைபடத்தில் பச்சை அடித்திருக்கும் மாநிலங்களில் பெரும்பகுதி இவைதான். அங்கே உங்களுக்குப் பர்மிட்டே வேண்டாம். வேண்டிய இடங்களான நியூ ஜெர்சி, நியூயார்க், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், கலிஃபோர்னியா, இல்லினாய், ஹவாய் ஆகியவை வரைபடத்தில் சிவப்பு. வீட்டில் அண்டா நிறையத் தண்ணீர் இருக்கும்போது குடம் குடமாக வாங்கி வைப்பது போலத்தான்.

விளம்பரத்தில் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சில மாநிலங்கள் ஓர் உரிமத்தை ஏற்றாலும், அதை வைத்திருப்பவர் அந்த உரிம மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்கின்றன. கொலராடோ, மிச்சிகன் இரண்டும் அப்படி. பென்சில்வேனியாக்காரர் கையிலுள்ள யூட்டா பர்மிட் டென்வரில் வெறும் பிளாஸ்டிக் அட்டை. பென்சில்வேனியாவே 2013-இல் இப்படிச் செய்தது. தன் ஊர் உரிமம் கிடைக்காதவர்கள் ஃப்ளோரிடா உரிமத்தைத் தபாலில் வாங்கி பிலடெல்பியாவில் வைத்துக்கொண்டு திரிந்த வழியை, அப்போதைய தலைமை வழக்கறிஞர் கேத்லீன் கேன் அடைத்தார். ஃப்ளோரிடா வாசிகளின் உரிமம் மட்டுமே இனி செல்லும் என்றானது.

அப்படியானால் இது யாருக்கு? எங்களைப் போல பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு அடிக்கடி டெலவேர் போகிறவர்களுக்கு. டெலவேர் எங்கள் உரிமத்தை ஏற்பதில்லை, யூட்டா, ஃப்ளோரிடா உரிமங்களை ஏற்கிறது. நான் ஃப்ளோரிடா எடுத்ததே அதற்காகத்தான். எடுத்தபின் யோசித்தால், டெலவேரில் நான் போவது மால். மால்கள் பெரும்பாலும் ஆயுதத்தை அனுமதிப்பதில்லை. ஆக, 97 டாலர் கட்டி, துப்பாக்கியை வண்டியிலேயே பூட்டி வைக்கும் உரிமை வாங்கியிருக்கிறேன்.

கைரேகைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரிக் குளிரில் ஓர் அலுவலகத்தில் போய் மை வைத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து, 'ரேகை தெளிவில்லை, மறுபடியும் அனுப்பவும்' என்று கடிதம். இரண்டாவது தடவை எடுத்த அம்மாள் என் விரலைத் திருப்பிப் பார்த்து, "பனியில் தோல் காய்ந்து கிடக்கிறது. ஒரு வாரம் தினமும் லோஷன் தடவிவிட்டு வாருங்கள்" என்றார். அப்படியே செய்தேன், சரியாக விழுந்தது. அரை நாள் விடுப்பு இரண்டு தடவை போனது. விளம்பரக் கட்டணத்தில் இதெல்லாம் இருக்காது.

வழி 3: போகிற மாநிலத்தின் உரிமத்தையே எடுப்பது

2022 ஜூன் 23-ஆம் தேதி ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியூயார்க்கின் 'தனிப்பட்ட தக்க காரணம் காட்டு' என்ற நிபந்தனையை ரத்து செய்தது. அதே மாதிரி நிபந்தனை வைத்திருந்த நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ் எல்லாம் வழிக்கு வர வேண்டியதாயிற்று. அதற்கு முன் சாதாரண ஆள் நியூ ஜெர்சி உரிமம் பெறுவது குதிரைக் கொம்பு. இப்போது கிடைக்கும், ஆனால் சும்மா கிடைக்காது.

| மாநிலம் | கட்டணம் (டாலர்) | செல்லும் காலம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| பென்சில்வேனியா | 20 | 5 ஆண்டு | வெளியார் சொந்த மாநில உரிமம் காட்ட வேண்டும் |
| டெக்சஸ் | 40 | முதல் முறை 4, பிறகு 5 ஆண்டு | வகுப்பும் சுடும் தேர்வும் |
| அரிசோனா | 60 | 5 ஆண்டு | பயிற்சிச் சான்று |
| ஃப்ளோரிடா | 97 | 7 ஆண்டு | நிஜத் தோட்டாவோடு பயிற்சி |
| வர்ஜீனியா | 100 | 5 ஆண்டு | நேரடி வகுப்பு, ஆன்லைன் செல்லாது |
| மாசசூசெட்ஸ் | 100 | 1 ஆண்டு | ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் |
| மேரிலாந்து | 125 | முதல் முறை 2, பிறகு 3 ஆண்டு | 16 மணி நேரப் பயிற்சி |
| நியூ ஜெர்சி | 200 | 2 ஆண்டு | நாலு பேர் சான்று, சுடும் தேர்வு |
| இல்லினாய் | 300 | 5 ஆண்டு | 16 மணி நேரம். குறிப்பிட்ட சில மாநிலத்தார் மட்டும் |

வகுப்பு, கைரேகை எடுக்கும் கூலி இதில் சேரவில்லை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த மாநிலத்தில் உரிமம் தரும் துறையின் இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் போன ஆண்டுத் தாள் இந்த ஆண்டு குப்பை.

ஆண்டுக்கு வகுத்தால், ஃப்ளோரிடா சுமார் 14 டாலர், நியூ ஜெர்சி 100. ஆனால் நியூ ஜெர்சியின் உண்மையான விலை பணமில்லை. உறவல்லாத, உங்களை மூன்று ஆண்டாவது அறிந்த நாலு பேரைப் பிடிக்க வேண்டும். நண்பர்களிடம் போய், "நான் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுந்தவன் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், நட்பின் அளவு தெரிந்துவிடும். பிறகு உங்கள் துப்பாக்கியே அங்கே சிக்கல். நியூ ஜெர்சியில் மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. ஹாலோ பாயிண்ட் எனப்படும் குழிமுனைத் தோட்டாவுக்கும் கட்டுப்பாடு. பென்சில்வேனியாவில் தற்காப்புக்கு எல்லோரும் வைத்திருப்பது அதே தோட்டாதான். உரிமம் கையில், மேகசினில் 15 என்றால் உரிமம் காப்பாற்றாது.

மேரிலாந்தில் 16 மணி நேரம் என்பது இரண்டு சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் 18 மணி நேரம், அதிலும் மாநில உரிமம் நியூயார்க் நகரத்துக்குள் செல்லாது, நகரத்துக்குத் தனி அனுமதி வேண்டும். ஃப்ளஷிங் பிள்ளையாரைக் கும்பிட ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர் இதற்கெல்லாம் இறங்குவது, கொசு அடிக்கக் கடப்பாரை எடுப்பது.

இத்தனை பாடு இருந்தும் இந்த வழி சிறந்ததாகும் இடம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர், அந்த மாநிலத்தில் கடையோ பெட்ரோல் பங்க்கோ நடத்துகிறவர், அங்கேயே வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர். அவர்களுக்கு அந்த ஒரு மாநில உரிமம், வேறு முப்பது மாநிலத்தைவிடப் பெரிது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு லாபமும் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமம் இருந்தால் விலக்கு. பக்கத்து மாநில உரிமத்தை அங்கே 'ஏற்பது' இந்த விலக்குக்குப் போதாது என்பதே கூட்டாட்சி ஆயுதத் துறையின் நிலைப்பாடு. உரிமமே தேவையில்லாத மாநிலத்தில் உரிமம் எடுக்காமல் துப்பாக்கியோடு போகிறவருக்கும் இந்த விலக்கு கிடையாது. டாலஸில் மகன் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி, பேரனைப் பள்ளியில் விடுகிற தாத்தாவுக்கு, டெக்சஸில் உரிமம் கட்டாயமில்லை என்றாலும் 40 டாலர் உரிமம் எடுப்பது புத்திசாலித்தனம். அப்போதும் பள்ளி வளாகத்துக்குள் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெளி மாநில உரிமம் எடுத்தால் அந்த ஊர்க் கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. கைத்துப்பாக்கியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் வாங்கிக் கையில் பெற முடியும்.

வழி 4: டிக்கியில் பூட்டிக்கொண்டு கடப்பது

1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிப்போக்கர்களுக்குக் காப்பு தருகிறது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் ஓட்டுநருக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டிக்குள், ஆனால் டாஷ்போர்டு அறையோ இருக்கை நடுப்பெட்டியோ ஆகாது. கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டிலும் அதை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். நியூ ஜெர்சி வழியாக வெர்மான்ட் போகிறவருக்கு இது பொருந்தும் (வெர்மான்டில் இதற்கு உரிமம் என்ற ஒன்றே கிடையாது). எடிசனில் அக்கா வீட்டில் இரவு தங்கப் போகிறவருக்குப் பொருந்தாது.

வழியில் தங்கினாலும் வம்பு. 2005-இல் யூட்டாக்காரர் ஒருவர் விமானம் தவறி நியூவார்க்கில் மாட்டிக்கொண்டார். துப்பாக்கி சட்டப்படி பூட்டிய பெட்டியில், பதிவு செய்த லக்கேஜில் இருந்தது. லக்கேஜைக் கையில் வாங்கிக்கொண்டு ஹோட்டலில் இரவைக் கழித்தார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார், கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டல் அறையில் பெட்டி அவருக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 1986 சட்டம் காக்காது என்றது.

ஆனாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அந்த வரைபடத்தின் சிவப்பு மாநிலங்களைக் கடக்கிறவருக்கு இதுவே போதும். பெட்ரோல் போட நிற்கலாம், ஊர் சுற்றாதீர்கள்.

தவறினால்

2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் நியூ ஜெர்சிக்குள் வண்டி ஓட்டிப் போனார். சாதாரணப் போக்குவரத்துச் சோதனை. போலீஸ்காரரிடம் அவரே, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா உரிமமும் இருக்கிறது என்று சொன்னார். உரிமம் எல்லை தாண்டியும் செல்லும் என்று நம்பியிருந்தார். குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்ற சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. பெரும் கூச்சலுக்குப் பிறகு வழக்கு, சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் விடும் மாற்றுத் திட்டத்துக்குப் போய், 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் ஆளுநர் கிடைக்கமாட்டார்.

வளைகாப்பு வீட்டுத் தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இ-இசட் பாஸ் கணக்கை எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தார். ஓராண்டில் 26 முறை பாலம் தாண்டியிருக்கிறார், 24 முறை எடிசன், 2 முறை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில். டெலவேருக்கு ஒரே தடவை, அதுவும் ஐஃபோன் வாங்க.

"கோயிலுக்குள்ள எடுத்துட்டுப் போகப் போறதில்ல. அக்கா வீட்டுல ரெண்டு வாண்டுங்க எல்லாப் பையையும் குடைவாங்க. அப்புறம் எதுக்குண்ணா நாலு பேர்கிட்ட சான்று வாங்கணும்?"

வீட்டில் நல்ல இரும்புப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். செருப்பு டப்பாவில் வைத்து அலமாரிக்கு மேலே வைத்திருப்பதாகச் சொன்னார். யூட்டா வகுப்புக்கு ஒதுக்கிய பணம் பெட்டிக்குப் போயிற்று. அடுத்த மாதம் அவருடைய மாமியார் ஊரிலிருந்து வருகிறார், எண்ணை இப்போதே மாற்றி வைத்துவிட்டார்.